கழிவு போக முழுப்பேர்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் போய்ப் பேச்சியம்மா வீடு எது என்று கேட்டால், எந்தப் பேச்சியம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். அரைப்பேர் பேச்சி என்று சொல்லிப் பாருங்கள், கை தானாக மேல் லயத்து வீட்டு வரிசையைக் காட்டும். அந்தப் பட்டம் வருசக்கணக்காக அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. இறக்கிவிட ஒரு நாதி இல்லை. கடைசியில் அவளேதான் உலுப்பிக் கீழே தள்ளினாள். அதுவும் எதை வைத்து? குரங்கு விரட்டுகிற ஒரு காத்துத் துவக்கை வைத்து!

அரைப்பேர் என்றால் என்னவென்று லிந்துலைப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன கிலோவை எடுத்துவிட்டால் முழுப்பேர். எடுக்காவிட்டால் அரைப்பேர், சம்பளமும் பாதி. காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வந்து, மலை ஏறி, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, மழையில் ஊறி, சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வரிசையில் வந்து நிற்கிற மனுசி, தராசு முள் கொஞ்சம் தயங்கினால் அரை மனுசி ஆகிவிடுவாள். என்ன கணக்கோ!

முள் தயங்காவிட்டாலும் தயங்க வைக்க ஒரு வழி இருந்தது. அதற்குப் பேர் கழிவு. கொழுந்துப் பைக்கு ஒரு கழிவு, இலையில் ஒட்டின மழைத்தண்ணிக்கு ஒரு கழிவு, முத்தல் இலைக்கு ஒரு கழிவு. கொளுத்துகிற வெயிலில் பறித்த கொழுந்துக்கும் மழைத்தண்ணிக் கழிவு போட்ட புண்ணியவான் ஒருவர் எங்கள் மடுவத்தில் இருந்தார். அவர்தான் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன். இப்போது ஓய்வு எடுத்துவிட்டார். ஓய்வு என்றால் மடுவத்திலிருந்து மட்டும்தான். கோயில் கமிட்டித் தலைவர் அவர், திருவிழா மைக் அவர் கையில். பேசாமல் இருக்கச் சொன்னால் அந்த மனுசருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பேச்சியம்மா ஒரு காலத்தில் இந்த ஆண்டியப்பனுக்கே சவாலாக இருந்தவள். கவ்வாத்துக்காரர் இராமையாவின் மகள். பள்ளிக்கூடம் முடியும் முன்பே மலைக்கு வந்துவிட்டாள். கொழுந்து பறிக்கும்போது அவளுடைய இரண்டு கையும் கோழி கொத்துகிற மாதிரி நிற்காமல் போகும். எவ்வளவு கழிவு போட்டாலும் அவளுக்கு முழுப்பேர் போடாமல் இருக்க முடியாது, அவ்வளவு எடுப்பாள். பிறகு ஒரு மழை நாளில், பை முதுகில் இருக்க, நாலாம் நம்பர் மலையில் கால் வழுக்கித் தண்ணிக் கானுக்குள் விழுந்தாள். இடது தோள் எலும்பு விட்டுப்போனது. கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அந்தக் கையைத் தூக்கலாம், கொஞ்ச நேரத்துக்குமேல் தூக்கிப் பிடிக்கத்தான் முடியாது.

அதற்குப்பிறகு கிலோ இழுபறிதான். உயிரைக் கொடுத்துப் பறித்து முள்ளைச் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற அன்றைக்கு ஆண்டியப்பன் கழிவைப் போடுவார். "அரைப்பேர்" என்று வாய்விட்டுச் சொல்வார், வரிசைக்கே கேட்கும்படி. அதுவே பட்டமாக ஒட்டிக்கொண்டது. பேச்சியம்மா ஒருநாளும் அழவில்லை. திட்டினாள். மடுவத்துக்குள்ளேயே, முகத்துக்கு நேரே திட்டினாள். அதற்காகவே கழிவு இன்னும் கூடியது என்று சொல்வார்கள், இருக்கலாம்.

இனித் துவக்குக்கு வருவோம், துப்பாக்கியைத்தான் எங்கள் பக்கம் துவக்கு என்போம். அவள் புருசன் வீரய்யா லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கெரட்டும் போட்டிருக்கிறான். குரங்குத் தொல்லை தாங்காமல் பெர்மிட்டு எடுத்து ஒரு பழைய காத்துத் துவக்கு வாங்கினான். வாங்கினானே தவிர, குரங்கைச் சுட மனசு வருமா? அனுமார் இனம் என்று சொல்லிவிட்டுத் துவக்கை மூலையில் சாத்தி வைத்தான். பேச்சியம்மாதான் அதை எடுத்தாள். வேலியில் வரிசையாக பால்மா டின்களைக் கட்டினாள். வேலிக்கட்டையில் துவக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு டின்னைச் சுட்டாள். டின் டங்கென்று கத்தும், குரங்குகள் ஓடும், ஒரு உயிருக்கும் சேதமில்லை. நாளாக ஆக எந்த டின் என்று சொல்லிவிட்டுச் சுட்டாள். அதற்கும்பிறகு டின்னில் இருக்கிற படத்துப் பசுமாட்டின் கண் என்று சொல்லிவிட்டுச் சுட்டாள். வீரய்யா கெரட்டுப் பாத்தியில் குந்தியபடி அதைப் பார்த்துவிட்டு, இனிமேல் இவளோடு வாய் கொடுக்கக்கூடாது என்று முடிவு பண்ணினானாம்.

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில், தேர் சுற்றி வந்தபிறகு, பெரட்டுக்களத்தில் பலூன் சுடுகிற போட்டி நடக்கும். மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடுவில் மானப் பிரச்சினை அது. பலகையில் பத்து பலூன். கயிற்றுக்குப் பின்னால் நின்றபடி சுடவேண்டும், கையை எதிலும் ஊன்றக்கூடாது. சொந்தத் துவக்கு இருந்தால் கொண்டுவரலாம், இல்லையென்றால் பலூன் கடைத் துவக்கு. ஜெயிக்கிறவர் பேரை, தகப்பன் பேரோடு சேர்த்து, முழுப் பேராக மைக்கில் வாசிப்பார்கள். பரிசு ஒரு ரைஸ் குக்கர். குக்கர் யாருக்கு வேண்டும்? பேச்சியம்மாவுக்கு வேண்டியது அந்த மைக்கில் அவள் பேர். அரையாக ஊரெல்லாம் போன பேர், ஆண்டியப்பன் வாயாலேயே முழுசாகத் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பேராசை என்று சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது?

போன வருசம் மேல் டிவிசன் சார்பில் போய் நின்றாள். பெண்கள் சுடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஒருத்தியும் நின்றதில்லை, அவ்வளவுதான். துவக்கைத் தூக்கினாள். வேலிக்கட்டை இல்லை. பாரம் முழுக்க முன்னால் இருந்தது, இரும்புக் குழலில். இடது கை நடுங்கியது, குழல் மூக்கு கீழே போய்க்கொண்டே இருந்தது. முதல் குண்டு பலகைக் காலில் பட்டது. அடுத்தது மண்ணில். மூன்றாவதைச் சுடாமலே துவக்கை இறக்கிவிட்டாள். ஆண்டியப்பன் மைக்கில், அரைப்பேருக்கு அரை பலூனாவது போட்டிருக்கலாம் என்றார். பெரட்டுக்களமே சிரித்தது. கூடப் பறிக்கிற பெண்கள்கூடச் சிரித்தார்கள். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

வீட்டுக்கு வந்தவள் புருசனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "என் கையில கொறை இல்லீங்க. குழல்லதான் பாரம்." வீரய்யா, விட்டுத்தொலை புள்ள, எல்லாம் தலையெழுத்து என்றான். தலையெழுத்து என்கிற வார்த்தையைக் கேட்டால் அவளுக்கு ஆகாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே துவக்கைப் படங்குச் சாக்கில் சுற்றி, பெர்மிட்டுத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, ஹட்டனுக்கு பஸ் ஏறினாள்.

ஹட்டனில் றுமைஸின் லேத் பட்டறை இருக்கிறது. தேயிலை இயந்திரத்துக்கு ஷாப்ட் கடைகிறவர், த்ரீவீலுக்கு புஷ் போடுகிறவர். சாக்கைப் பிரித்ததும் அவர் முகம் சுருங்கியது. இது லேத், துவக்குக் கடை இல்லை, வில்லங்கத்தை விலைக்கு வாங்க நான் தயாரில்லை என்றார். பேச்சியம்மா பெர்மிட்டைக் காட்டினாள். தோளையும் காட்டினாள். போன வருசம் நடந்ததையும், ஆண்டியப்பன் சொன்னதையும், சிரித்தவர்கள் பேரையும் விடாமல் சொன்னாள். றுமைஸ் கேட்டுக்கொண்டே குழலைக் கையில் எடுத்து உருட்டினார்.

"வேகத்துல நான் கை வெக்க மாட்டேன் தங்கச்சி. பாரத்த மட்டும் எறக்கித் தாறேன்."

"எனக்கு அதுதான் வேணும் றுமைஸ் நானா. குண்டு இன்னும் ஓங்கிப் போகத் தேவையில்ல. மூக்கு கீழ போகாம இருந்தா போதும்."

முதல்தடவை குழலைச் சுற்றிலும் கடைந்து மெல்லிசாக்கிக் கொடுத்தார். தூக்கிப் பார்த்தாள், இறகு மாதிரி இருந்தது. சந்தோசம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அந்தச் சாதித் துவக்கில் குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால்தான் உள்ளே ஸ்பிரிங் இறுகும். மெல்லிசான குழலை மடக்க மடக்க அது வளைந்துவிட்டது. குண்டெல்லாம் டின்னுக்குக் கீழே போனது. பேச்சியம்மா கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை எடுத்துக் குழல்மேல் படுக்கவைத்தாள். நேரான கம்புக்கும் குழலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்தக் கம்பையும் துவக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போய், வெளிச்சத்தைக் காட்டினாள். றுமைஸ் அசடு வழிந்தார் என்றுதான் சொல்லவேண்டும். மடக்குகிற விசயத்தை அவர் யோசிக்கவே இல்லை.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தார்கள். உள்ளே மெல்லிசான குழல் இருக்கட்டும், மேலே உறை மாதிரி ஒரு அலுமினியக் குழாய் போட்டு முனையில் இறுக்கிவிட்டால் வளையாது, பாரமும் ஏறாது என்றார் றுமைஸ். அதற்கு நல்ல அலுமினியக் குழாய் வேண்டுமே என்றார். பேச்சியம்மாவுக்கு லயத்துக் கூரை நினைவுக்கு வந்தது. டிஷ் வந்தபிறகு காக்கை உட்காருவதற்கு மட்டும் உதவிய பழைய டிவி அன்டெனா அங்கே நின்றது. வீரய்யாவைக் கூரையில் ஏற்றிக் கழற்றினாள். வளைந்த குழலை விட்டுவிட்டு, வேறொரு உடைந்த துவக்கின் குழலை றுமைஸ் தேடி எடுத்துக் கடைந்து, அன்டெனாக் குழாயை அதன்மேல் ஏற்றி, முனையில் திருகி இறுக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, வேலையை முடிக்க மாசக்கணக்கானது. லேத் சும்மா இருக்கிற நாளில்தானே அவர் செய்யமுடியும்? வந்ததும் பேச்சியம்மா நாள்தோறும் மடக்கிச் சுட்டாள், மட்டக்கம்பை வைத்துப் பார்த்தாள். நடுவில் வெளிச்சம் தெரியவில்லை.

இந்த வருசத் திருவிழா வந்தது. தேர் வந்து நின்றதும் பெரட்டுக்களம் நிறைந்துவிட்டது. கீழ் டிவிசனுக்குச் சுட வந்தவன் கிஷாந்த், ஆண்டியப்பனின் தங்கச்சி மகன், கொழும்பில் வேலை. அவன் துவக்கின் தலையில் தொலைநோக்கிக் கண்ணாடி பூட்டியிருந்தது. அதை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மேல் டிவிசனுக்கு பேச்சியம்மா வந்து சாக்கைப் பிரித்ததும் ஆண்டியப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்ம அரைப்பேருக்குத் துவக்கு பாரமாம்."

பேச்சியம்மாவுக்கு மைக் தேவையில்லை. மலையிலிருந்து மலைக்குக் கூப்பிட்டுப் பழகின தொண்டை அது. "கோணக் கூடத்துல எம்புட்டு காலத்துக்குங்க ஆடுறது? அதான் நிமித்திக் கொண்டாந்திருக்கேன்."

சிரிப்பு இந்தத் தடவை வேறு பக்கம் போனது. ஆண்டியப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. துவக்கை வாங்கித் தூக்கிப் பார்த்தார். துவக்கென்றால் அதற்கென்று ஒரு பாரம் இருக்கவேண்டும், இது விளையாட்டுச் சாமான், பலூன் கடைத் துவக்கைவிடப் பாரம் குறைந்த எதையும் கமிட்டி அனுமதிக்காது என்றார். எந்தக் கமிட்டி, எப்போது கூடியது? அது அவருக்கே வெளிச்சம். அன்னதானத்துக்கு அரிசி நிறுக்க மடுவத்துத் தொங்கு தராசைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அதில் கடைத் துவக்கையும் அவள் துவக்கையும் மாட்டினார். பேச்சியம்மாவின் துவக்கு குறைவாகத்தான் இருந்தது, பச்சையாகவே தெரிந்தது. ஆண்டியப்பன் தராசைத் தட்டிவிட்டு ஊரைப் பார்த்தார். வீரய்யா கூட்டத்தின் ஓரத்திலிருந்து, போதும் வா புள்ள என்று கையைக் காட்டினான்.

அவள் அசையவில்லை. தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா, கடைத் துவக்குக்குக் கழிவு போட்டீங்களா?"

ஆண்டியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. பேச்சியம்மா விளங்கவைத்தாள். கடைத் துவக்கில் தோல்வார் தொங்குகிறதே, பைக்குப் போடுகிற மாதிரி அதற்கு ஒரு கழிவு. காலையிலிருந்து தூறலில் கிடந்து கட்டை ஊறியிருக்கிறதே, அதற்கு மழைத்தண்ணிக் கழிவு. அவள் பின்னால் நின்ற தனுஜா, அவளோடு ஒரே மலையில் பறிக்கிறவள், போன வருசம் எல்லாருக்கும் மேலாகச் சிரித்தவள், சத்தமாகச் சொன்னாள். "துருப்புடிச்ச இரும்புங்க அது. முத்தல் கழிவையும் போடுங்க ஐயா!" அவ்வளவுதான், மடுவத்து வரிசையில் வாயை மூடி நின்ற பெண்களெல்லாம் திறந்துவிட்டார்கள். ஒருத்தி ஆணிக்குக் கழிவு கேட்டாள், ஒருத்தி அழுக்குக்குக் கழிவு கேட்டாள். எல்லாக் கழிவும் போனால் கடைத் துவக்கில் மிச்சம் என்ன இருக்கும்? காத்துதான் இருக்கும்.

ஆண்டியப்பன் வசமாக மாட்டிக்கொண்டார். கழிவு சரி என்று சொன்னால் பேச்சியம்மாவின் துவக்கு தேறிவிடும். கழிவு அநியாயம் என்று சொன்னால், இத்தனை வருசம் மடுவத்தில் அவர் போட்டதெல்லாம் என்ன? அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு களம் நிறையப் பெண்கள் காத்திருந்தார்கள். சுட்டுத் தொலைக்கட்டும் என்றார், மைக்கைப் பொத்திக்கொண்டு.

கிஷாந்த் முதலில் சுட்டான். நன்றாகவே சுட்டான், பொய் சொல்லக்கூடாது. ஒரு பலூன் மட்டும் தப்பியது. ஒன்பது.

பேச்சியம்மா கயிற்றுக்குப் பின்னால் வந்து நின்றாள். கட்டையை இடுப்பில் கொடுத்து வலது கையால் குழலை மடக்கினாள். தூக்கினாள். குழல் மூக்கு நின்ற இடத்தில் நின்றது. முதல் பலூன் வெடித்தது. அடுத்தது வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையை இறக்கி உதறிக்கொண்டாள். பாதி தாண்டியதும் தோள் காந்தியது, இருந்தாலும் குழல் கீழே போகவில்லை. போன வருசம் இந்த இடத்தில்தானே சிரித்தீர்கள் என்று நினைக்க நினைக்க அவளுக்குக் கை உறுதியானதாம், பிறகு சொன்னாள். ஒன்பது பலூனும் போய்விட்டது. மலையிலிருந்து பனி இறங்கிப் பலகையைத் தொட்டது.

பத்தாவது குண்டு பலூனில் படவில்லை. பலூனைக் கட்டியிருந்த நூலில் பட்டது. நூல் அறுந்து, பலூன் வெடிக்காமலே காற்றில் உருண்டு, களத்தைத் தாண்டித் தேயிலைக்குள் போய் விழுந்தது. மேல் டிவிசன் பட்டது என்று கத்தியது. கீழ் டிவிசன் படவில்லை என்று கத்தியது. எல்லாரும் ஆண்டியப்பனைப் பார்த்தார்கள். முழுசாகக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. வாய் பழகின வார்த்தை தானாக வந்துவிட்டது.

"வெடிக்கல. இதுக்கு அரைதான்."

மைக்கில் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கணக்கு உறைத்தது. படவில்லை என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சமம். அரை போட்டுவிட்டாரே! ஒன்பதரைக்கு முன்னால் ஒன்பது என்ன செய்யும்? கிஷாந்த் துவக்கை இறக்கிவிட்டு மாமனை ஒரு பார்வை பார்த்தான். பெண்கள் போட்ட கூச்சலில் தேரில் உட்கார்ந்திருந்த ஐயர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். பேச்சியம்மாவும் சிரித்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு அரை அவள் பக்கம் வந்து சேர்ந்திருந்தது.

ஆண்டியப்பன் வேறு வழியில்லாமல் அறிவித்தார். முதல் பரிசு, மேல் டிவிசன், பேச்சியம்மா. குக்கரை எடுத்து நீட்டினார்கள். பேச்சியம்மா கையை நீட்டவில்லை. துவக்கை வீரய்யாவிடம் கொடுத்துவிட்டு, நேரே மைக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"பேரு பாதிதான் வந்திருக்குங்க ஐயா. முழுப்பேர் போடுங்க."

அது எந்த வார்த்தை என்று அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். மடுவத்தில் அதைக் கேட்க நினைத்து, கேட்காமலே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். ஆண்டியப்பன் சுற்றிலும் பார்த்தார். ஒரு முகமும் அவருக்குத் துணைக்கு வரவில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இராமையா பேச்சியம்மா."

ஒலிபெருக்கியை அந்த வருசம் கொழுந்து மடுவத்துக் கூரையில்தான் கட்டியிருந்தார்கள். அங்கேயிருந்து அந்தப் பேர் நாலாம் நம்பர் மலைவரைக்கும் கேட்டது.